ஆஞ்சியோ மருந்தும் சிறுநீரகமும்: விதியா? அளவா?

(ஒரகடத்தில் கூடிய தொழிலாளத் தோழர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதுமல்ல, கட்சியைப் பற்றியதுமல்ல. இருதயத்திற்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவும், அந்த அடைப்பை விலக்குவதற்காகவும் உடம்புக்குள் செலுத்தப்படுகிற ஒரு மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுகிறதே, அது ஏன், யாருக்கு, அதை எப்படித் தடுக்கலாம் என்பதைப் பற்றியதாகும். "இதைப் பேச டாக்டர்கள் இல்லையா, உமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். டாக்டர் செய்ய வேண்டிய வேலையை நாம் செய்ய வரவில்லை. டாக்டரிடம் போகிறவன் செய்ய வேண்டிய வேலை என்று ஒன்று இருக்கிறது. அதை நம் மக்கள் செய்வதில்லை. செய்யலாம் என்பதே பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் இரண்டு சகோதரர்களைப் பற்றிச் சொல்லுகிறோம். அவர்கள் பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். மூத்தவர் வல்லம் பக்கத்தில் காண்ட்ராக்ட்டில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை செய்தவர். வயது 54. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை வியாதி. முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரையை, வெற்றிலை பாக்குப் போடுவதுபோலத் தினந்தோறும் போட்டு வந்தவர். படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஞ்சியோ எடுக்க வேண்டுமென்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். வீட்டாரோ முன்தினம் குலதெய்வத்திற்கு நேர்ந்துகொண்டு, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் அவரை விரதம் இருக்கச் செய்தார்கள். மறுநாளும் வெறும் வயிறு. அவர் முறை வந்ததோ பிற்பகல் மூன்று மணிக்கு. இரண்டு இடத்தில் அடைப்பு இருந்தது. ஒரே தடவையில் இரண்டு ஸ்டென்ட் வைத்து, மறுநாள் மாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சாமிக்குப் பொங்கல் வைத்தார்கள்.

நாலாம் நாள் மூத்திரம் குறைந்தது. ஐந்தாம் நாள் கால் வீங்கி, வாந்தி எடுக்க ஆரம்பித்தது. ஜோசியரைக் கேட்டார்கள்; ஏழரைச் சனி என்றார். எள் விளக்கு ஏற்றுவதில் இரண்டு நாள் போயிற்று. ஏழாம் நாள் இரத்தம் பார்த்தபோது கிரியேட்டினின் 7-க்கு மேலிருந்தது. நான்கு தடவை டயாலிசிஸ் செய்த பிறகு மூத்திரம் திரும்பியது. இரண்டு மாதம் கழித்துக் கிரியேட்டினின் 2.7-ல் நின்றது. மூட்டை தூக்குகிற வேலை போயிற்று.

பிறகு நாம் அவருடைய ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டை வாங்கிப் பார்த்தோம். முதல் தாளில், ஆஞ்சியோவுக்கு முன் எடுத்த இரத்தத்தில் கிரியேட்டினின் 2.0 என்று அச்சடித்திருந்தது. கடைசித் தாளில், செலுத்திய மருந்து 240 மில்லி என்று எழுதியிருந்தது. இரண்டு எண்களும் ஒரே கட்டில், ஒரே குண்டூசியில் கோத்துக் கிடந்தன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த மனிதன்தான் ஒருவனும் இல்லை.

இளையவர் சங்கதி இதைவிடக் கொடியது. அடுத்த வருஷம் இரவு ஷிஃப்டில் வேலையாய் இருந்தபோது அவருக்கு மாரடைப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உடனே ஆஞ்சியோ செய்து குழாயைத் திறக்க வேண்டுமென்றார்கள். "அண்ணனுக்கு அந்த மருந்தால்தானே கிட்னி போயிற்று? தம்பிக்கும் அதையா ஏற்றுவது?" என்று வீட்டார் மறுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அடைப்பைக் கரைக்கும் லேகியம் என்று எவனோ கொடுத்ததை நக்கவைத்தார்கள். இரண்டாம் நாள் இறந்து போனார். ஆஸ்பத்திரியில் எடுத்த அவருடைய இரத்தத்தில் கிரியேட்டினின் 0.9. அதாவது சிறுநீரகம் நல்ல நிலைமையில் இருந்தது. வயது 46. இரண்டு பெண் குழந்தைகள்.

மூத்தவர் கேட்காமல் கை கட்டி நின்றார். இளையவர் வீட்டார் கேட்காமலே பயந்து ஓடினார்கள். பக்தியும் பயமும் இரட்டைப் பிள்ளைகள் என்று நாம் கோவில் விஷயத்தில் பல தடவை சொல்லியிருக்கிறோம். ஆஸ்பத்திரி விஷயத்திலும் அதுவேதான்.

நிற்க, அந்த மருந்துதான் என்ன என்று பார்ப்போம். டாக்டர்களும் நர்சுகளும் அதை "டை" என்கிறார்கள், அதாவது சாயம். நம் ஜனங்களும் அதைச் சாயம் என்றே நினைத்து, உள்ளே போய் ஒட்டிக்கொண்டு போகாமலிருக்கும் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் அதில் சாயம் ஏதுமில்லை. தண்ணீர்போல நிறமற்றிருக்கும், சற்றுப் பிசுபிசுப்பு உண்டு. அதற்குள் அயோடின் இருக்கிறது. அயோடின் கனமான அணுவாகையால் எக்ஸ்-ரே கதிரை மறித்துக்கொள்ளும். ஆகவே இரத்தக் குழாய்க்குள் இதைச் செலுத்திப் படம் பிடித்தால், குழாய் எங்கே சுருங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இருதயத்தைப் பிளக்காமல் இருதயத்திற்குள் பார்க்கிற வித்தை இது.

இந்த வித்தை எந்த ரிஷியின் ஞானதிருஷ்டியிலும் வந்ததல்ல. 1929-ல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்ட் என்ற சிற்றூரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற 25 வயது டாக்டர், மேலதிகாரி கூடாதென்று தடுத்தும் கேளாமல், தன் கை நரம்பிலேயே மெல்லிய குழாயைச் செருகி, அதை இருதயம் வரை தள்ளிக்கொண்டு, எக்ஸ்-ரே அறைக்குத் தானே நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். அதற்காக ஏச்சும் பேச்சும் வாங்கினார். 1956-ல் நோபல் பரிசும் வாங்கினார். 1958-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்பவர் வேறெங்கோ செலுத்தப்போன மருந்து தவறி இருதயத்தின் சொந்தக் குழாய்க்குள் போய்விட்டது. நோயாளி செத்தான் என்று நடுங்கினார்கள், அவன் பிழைத்துக்கொண்டான். அந்தத் தவற்றிலிருந்துதான் இன்றைய ஆஞ்சியோ பிறந்தது. 1977-ல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக், குழாய்க்குள் சிறு பலூனை ஊதி அடைப்பை விலக்கிக் காட்டினார். தன்மேலேயே சோதித்துப் பார்த்தது, தவறு செய்ததை மறைக்காமல் அதிலிருந்து கற்றுக்கொண்டது, இவைதான் இதன் ஸ்தல புராணம்.

இனி சிறுநீரகத்துக்கு வருவோம். கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காயைப் பார்த்திருப்பீர்கள். நமக்கும் அதுபோல இரண்டு, முதுகுப் பக்கம் விலாவுக்குக் கீழே இருக்கின்றன. உடம்பின் இரத்தம் முழுவதும் நாளெல்லாம் அவற்றின் வழியே திரும்பத் திரும்ப ஓடி வடிகட்டப்படுகிறது. ஆஞ்சியோ மருந்தையும் வெளியே தள்ள வேண்டியது அவைதான். சிறுநீரகத்தின் உட்பகுதிக்குச் சாதாரண காலத்திலேயே பிராணவாயு குறைச்சல். பாதி வயிற்றுச் சோற்றோடு இரண்டு ஆள் வேலை செய்கிற காண்ட்ராக்ட் தொழிலாளியின் நிலைமைதான் அதற்கும். இந்த மருந்து வந்தவுடன் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூத்திரம் இறங்கும் நுண்குழல்களில் மருந்து கெட்டியாகித் தேங்குகிறது. குழலின் சுவரிலுள்ள உயிரணுக்களையும் நேரே தாக்குகிறது. உடம்பில் தண்ணீர் இருந்தால் கரைத்துத் தள்ளிவிடும். வறண்டு கிடந்தால் வாய்க்காலில் சேறு நின்றதுபோல நின்றுவிடும்.

நல்ல சிறுநீரகம் இதைத் தாங்கிக்கொள்ளும். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை இருதயக் குழாயைத் திறக்கும் சிகிச்சை செய்துகொண்ட சுமார் 9,85,000 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது நூற்றுக்கு 7 பேருக்கு. புதிதாக டயாலிசிஸ் வரை போனது ஆயிரத்துக்கு 3 பேர். அந்த ஏழு பேரிலும் பழி முழுவதும் மருந்தின்மேல் போடத் தக்கதல்ல. மாரடைப்பில் இரத்த அழுத்தம் விழுந்துபோனாலும் சிறுநீரகம் வாடும். பெரிய குழாயின் சுவரிலிருந்து கொழுப்புத் துணுக்கு பெயர்ந்துபோய் அடைத்தாலும் கெடும். ஆகவே "ஆஞ்சியோ செய்தால் கிட்னி போய்விடும்" என்று டீக்கடையில் பேசுவது பொய். "ஒன்றும் ஆகாது, பேசாமல் படும்" என்பதும் பொய். யாருக்கு ஆகும் என்பதை முன்கூட்டியே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஜாதகம் வேண்டியதில்லை, ஒரு சொட்டு இரத்தம் போதும்.

இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவதும் தப்பு. அது தசையிலிருந்து வருவதால் ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும். 60 வயது ஆணுக்கும் 60 வயதுப் பெண்ணுக்கும் கிரியேட்டினின் 1.4 என்றே வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயதையும் பாலையும் சேர்த்து, இப்போது வழக்கத்திலுள்ள 2021-ம் வருஷத்துச் சூத்திரப்படி கணக்குப் போட்டால், ஆணின் சிறுநீரகம் நிமிஷத்துக்குச் சுமார் 57 மில்லி வடிகட்டுகிறதென்று வரும். பெண்ணினுடையது 43 என்றுதான் வரும். தாளில் அச்சடித்த எண் ஒன்றே. உள்ளே இருக்கும் பலம் வேறு. மெலிந்த பெண்ணின் கிரியேட்டினினைப் பார்த்து "கொஞ்சம்தான் கூடியிருக்கிறது" என்று தள்ளிவிடுவது அதனால்தான் ஆபத்து. இந்த வடிகட்டும் அளவை ஈ.ஜி.எஃப்.ஆர். என்பார்கள். இதுதான் நாம் உங்களை மனப்பாடம் செய்யச் சொல்லும் ஒரே மந்திரம்.

மந்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. இதோ பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். குரு இரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார் என்று அவரைப் பற்றிக் கதை சொல்லுகிறார்கள். அந்த மந்திரத்தினால் யாருக்கு ஒரு பிடி சோறு கிடைத்தது என்று நாம் கேட்கப்போவதில்லை. இரகசியத்தை எல்லோருக்கும் சொன்னதாகச் சொல்லும் கதையைக் கொண்டாடுகிற ஊரிலேயே, நம் உடம்பின் எண் நமக்கே இரகசியமாக இருக்கலாமா என்றுதான் கேட்கிறோம்.

அந்த எண் இருந்தால் என்ன பிரயோஜனம்? மருந்தின் அளவை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம். ஈ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவோ அதைப்போல மூன்று மடங்கு மில்லிக்குமேல் மருந்து போகாமல் பார்ப்பது நல்லது, இரண்டு மடங்கோடு நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுகிறார்கள். நம் மூத்தவருக்கு 54 வயதில் கிரியேட்டினின் 2.0 என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர். 39 ஆகிறது. மூன்று மடங்கு 117 மில்லி. அவருக்குப் போனது 240. உயிர் போகிற அவசரம் ஒன்றுமில்லாததால், ஒரு அடைப்பை அன்றைக்கும் மற்றொன்றைச் சில வாரம் கழித்தும் செய்திருக்கலாம். ஏழரைச் சனி எவ்வளவு மில்லி என்று ஜோசியரைக் கேட்டால் சொல்லுவாரா?

இந்தப் பிரதேசத்துத் தொழிலாளிக்கு மட்டும் இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறோம் என்றால், இங்கு பலருடைய சிறுநீரகம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் முன்பே பாதி வறண்டிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை கார், லாரி, டயர், செல்போன் என்று உலகத்துக்கெல்லாம் சாமான் செய்து அனுப்புகிறோம். உலைக்கும் பெயின்ட் அடுப்புக்கும் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்று வியர்க்கிறவன், லைனை விட்டுப் போக முடியாதென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளுகிறான். பெண் தோழர்களோ, கக்கூசுக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதே என்று வெட்கப்பட்டுத் தண்ணீரை அறவே தள்ளிவைக்கிறார்கள். இது நாம் கட்டிச் சொல்லுவதல்ல. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் முதலானவர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்தபோது, பெரும்பாலோர் தாங்கத்தக்க அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வதையும், நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருப்பதையும் கண்டார்கள். உப்பளத்து வெயிலும் தொழிற்சாலைக்குள் அடிக்கிற அனலும் சிறுநீரகத்துக்கு ஒன்றுதான்.

அதன்மேல் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு. இவை இருப்பதே தெரியாமல் திரிகிறவர்கள் எத்தனையோ பேர். அதன்மேல் வலி மாத்திரை. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் வழியைச் சுருக்குகின்றன. முந்தின நாள் வரை அதைப் போட்டுக்கொண்டு, விரதமும் இருந்துகொண்டு ஆஞ்சியோ மேஜையில் படுப்பவன், மருந்து உள்ளே போகுமுன்பே பாதி வேலையைத் தானே முடித்துக் கொடுத்துவிடுகிறான்.

விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஞ்சியோவுக்கு முன் டாக்டர் சோறு சாப்பிட வேண்டாம் என்பது ஒன்று. சாமிக்காகத் தண்ணீரையும் விடுவது வேறொன்று. தண்ணீரை எதுவரை குடிக்கலாம் என்று டாக்டரையே கேட்டு அதுவரை குடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை தண்ணீர் குடிக்க இக்காலத்தில் பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றுவதும் உண்டு. ஆனால் இருதயம் பலவீனமானவனுக்கு அதை அளவின்றி ஏற்றினால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள்: இருதயத்துக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து பார்த்து, அதற்குத் தக்கபடி ஏற்றுவது. 2014-ல் வெளிவந்த ஒரு பரிசோதனையில், அப்படி அளந்து ஏற்றியவர்களில் நூற்றுக்கு 7 பேருக்குத்தான் சிறுநீரகம் பாதித்தது; வழக்கம்போல் ஏற்றியவர்களில் 16 பேருக்குப் பாதித்தது. தண்ணீரிலும் அளவுதான் பேசுகிறது.

விஞ்ஞானமும் தப்புச் செய்யாதா என்று கேட்பார்கள். செய்கிறது. 2000-ம் வருஷத்தில் ஜெர்மனியில் 83 நோயாளிகளிடம் சோதித்து, அசிட்டைல் சிஸ்டீன் என்ற மாத்திரை இந்த மருந்தின் கெடுதலைத் தடுக்கிறதென்று எழுதினார்கள். உலக முழுவதும் டாக்டர்கள் அதைக் கொடுத்தார்கள். நம் ஊரிலும் கொடுத்தார்கள். பிறகு சந்தேகம் வந்து, சுமார் 5,000 பேரிடம் பெரிய பரிசோதனை நடத்தி, மாத்திரையால் ஒரு பயனும் இல்லை, அதனோடு சேர்த்துச் சோதித்த சோடா உப்புக் கரைசலும் வெறும் உப்புத் தண்ணீரைவிட மேலல்ல என்று 2018-ல் அச்சிட்டு ஒப்புக்கொண்டார்கள். 18 வருஷத்தில் தான் சொன்னதைத் தானே அழித்தது. எந்த சாஸ்திரமாவது, எந்தப் பஞ்சாங்கமாவது, "நாம் போன வருஷம் சொன்னது தப்பு" என்று ஒரு வரி போட்டதுண்டா?

அதேபோல, சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு, உடனடி ஆபத்தில்லாத இருதய அடைப்பு இருந்தால் குழாய் வைத்தியம் அவசியந்தானா என்பதையும் சோதித்தார்கள். 777 பேரிடம் செய்து 2020-ல் வெளியான முடிவில், முதலிலேயே குழாய் வைத்தியத்துக்குப் போனதால் சாவோ மாரடைப்போ குறையவில்லையென்று தெரிந்தது. ஆகவே இப்படிப்பட்டவர்கள் "இது இப்போதே வேண்டுமா, மாத்திரையோடு பார்க்கலாமா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

ஆனால் மாரடைப்பு வந்துவிட்டால் சங்கதி வேறு. இதை இருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அப்போது கிரியேட்டினின் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருப்பதும், ராகு காலம் கழியட்டும் என்று காத்திருப்பதும் இருதயத் தசைக்கு ஒன்றுதான். நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டிருக்கும். நம் தமிழ்நாட்டிலேயே அஜித் முல்லாசரி, தாமஸ் அலெக்சாண்டர் முதலிய டாக்டர்கள், சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு ஆம்புலன்சால் இணைத்து ஒரு ஏற்பாடு செய்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளின் கணக்கை 2017-ல் வெளியிட்டார்கள். ஏற்பாட்டுக்கு முன் ஆஞ்சியோ கிடைத்தது நூற்றுக்கு 35 பேருக்கு. பின்பு சுமார் 61 பேருக்கு. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். நம் இளையவர் இருக்க வேண்டியது அந்தப் பிழைத்த கணக்கில். சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ் இருக்கிறது, பெரும்பாலும் அது திரும்பியும் வந்துவிடுகிறது. செத்த இருதயத் தசை திரும்புவதில்லை.

அவருக்கு லேகியம் கொடுத்தவனைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஆஞ்சியோ வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம், அடைப்பைக் கரைத்துத் தருகிறோம் என்று சுவர் சுவராக விளம்பரம் செய்கிறார்கள். பயந்தவன் பணம்தான் இவர்களுக்கு மூலதனம். சிலர் லேகியமும் பஸ்பமும் கொடுக்கிறார்கள். பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளால் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் ஒருவகை நோய் வருவதை வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 2022-ல் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். கிட்னிக்குப் பயந்து ஓடினவன் கிட்னியைக் கெடுக்கிறவனிடமே போய்ச் சேருகிறான்! வேறு சிலர் நரம்பு வழியாக ஏதோ ஏற்றி அடைப்பைக் கரைப்பதாகச் சொல்லும் கீலேஷன் என்ற வைத்தியம் நடத்துகிறார்கள். மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகள் சுமார் ஆயிரம் பேரிடம் அதைச் சோதித்து, பயனில்லை என்று 2024-ல் முடிவு சொல்லியாகிவிட்டது.

இனி முக்கியமான காரியம் ஒன்று பாக்கி. இந்த மருந்தால் சிறுநீரகம் கெட்டால் அன்றைக்கே தெரியாது. கிரியேட்டினின் இரண்டாம் நாள் ஏற ஆரம்பித்து, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். இரண்டு மூன்று வாரத்தில் பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். ஆனால் ஆஸ்பத்திரியோ மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே அந்த மூன்றாம் நாள் யாருக்கும் சொந்தமில்லாத நாளாகப் போய்விடுகிறது. டாக்டர் கண்ணில் நோயாளி இல்லை, நோயாளி கண்ணில் நோய் இல்லை. காண்ட்ராக்ட் தொழிலாளி சம்பளம் போகிறதே என்று அன்றைக்கே வேலைக்குக்கூடப் போய்விடுகிறான். சர்க்கரை, கொதிப்பு, வயது, சிறுநீரக பலவீனம் இவற்றில் ஏதாவது உள்ளவர் 48 மணி முதல் 72 மணிக்குள் மறுபடியும் இரத்தம் கொடுத்துக் கிரியேட்டினின் பார்த்தாக வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைதான். நம் மூத்தவருக்கு மூன்றாம் நாள் இதைப் பார்த்திருந்தால், வலி மாத்திரையை நிறுத்தி, மற்ற மருந்துகளைச் சரிசெய்து, டயாலிசிஸ் இல்லாமலே தப்பியிருக்கலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும், சிறுநீரகம் பலவீனமாயிருந்தால், ஆஞ்சியோ அன்று அதை நிறுத்தி, இரண்டு நாள் கழித்து இந்த எண்ணைப் பார்த்துத்தான் மறுபடியும் தொடங்க வேண்டும். நிறுத்துவதும் தொடங்குவதும் டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.

"மூன்றாம் நாள் போனால் கூலி?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஈ.எஸ்.ஐ.யில் பதிவானவருக்கு, சந்தா நாள் கணக்குச் சரியாயிருந்தால், நோய்க் காலத்தில் சம்பளத்தில் நூற்றுக்கு 70 வீதம், வருஷத்தில் 91 நாள் வரை பணம் உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளியும் இதற்குப் பாத்தியப்பட்டவரே. காண்ட்ராக்ட்டுக்காரன் கட்டவில்லையென்று கம்பெனி கையை விரிக்க முடியாது. உங்கள் சந்தா உண்மையில் கட்டப்படுகிறதா என்பதை இன்றே பாருங்கள். நெஞ்சு வலிக்கும்போது பார்த்துப் பயனில்லை. ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராதவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஆரம்பத்திலிருந்து சர்க்காரே தொழிற்சாலைகளுக்குள் வந்து சர்க்கரையும் கொதிப்பும் பார்க்கிற ஏற்பாடு செய்திருக்கிறது. அது உங்கள் தொழிற்சாலைக்கு வந்ததா, வரவில்லையென்றால் ஏன் என்று கேட்க வேண்டியது சங்கத்தின் வேலை.

கேட்பதற்குக் கூச்சம் என்கிறீர்கள். 2024-ல் இதே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வேண்டுமென்று 37 நாள் வேலையை விட்டு உட்கார்ந்தார்களே, உலகப் பெரிய கம்பெனி என்று கூசினார்களா? அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மனிதரிடம் "ஐயா, என் ஈ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு? எத்தனை மில்லி மருந்து போகும்? எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்? மறுபடி இரத்தம் என்றைக்குக் கொடுக்க?" என்று கேட்க நா எழவில்லை என்றால் நம்புகிறமாதிரியா இருக்கிறது? நல்ல டாக்டர் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். நோயாளியே விழிப்பாயிருந்தால் அவர் வேலை பாதி குறைகிறது. கோபித்துக்கொள்ளுகிற டாக்டரும் இருப்பார். அவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள்.

இன்று வரும்போது, தலைவர் தோழர் இங்கே ஒரு யோசனை சொன்னார். வாசகசாலைச் சுவரில் ஒரு நோட்டு தொங்கவிடுவது; ஆஞ்சியோவுக்குப் போகிற தோழர் பெயரும், முன் எண்ணும், மூன்றாம் நாள் தேதியும் அதில் எழுதுவது; அந்தத் தேதியன்று யாராவது ஒருவர் அவர் வீட்டுக்குச் சைக்கிளில் போய் "இரத்தம் கொடுத்தாயிற்றா?" என்று கேட்டு வருவது. பெயரை வெளியில் எழுத இஷ்டமில்லாதவருக்கு அடையாளம் மட்டும் போதும். முதல் பெயராகத் தம்முடையதை எழுதும்படி நாம் சொன்ன மூத்தவர் சம்மதித்து, மேஜைக்கு இந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் அவர் எண் 2.6. இரவு ஷிஃப்ட் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம்.